ஹைபிரிட் கார்: வரிச்சலுகை முடிவதற்குள் வாங்கிவிட வேண்டுமா?

கேள்வி: எங்கள் பெட்ரோல் கார் வாங்கி 11 ஆண்டாகிறது. இதுவரை பெரிய செலவு எதுவும் வைக்கவில்லை. இன்னும் மூன்று ஆண்டு ஓட்டலாம் என்றுதான் இருந்தோம். இப்போது பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் உள்ள ஹைபிரிட் கார்களுக்கு வரிச்சலுகை இருக்கிறது, மூன்று மாதத்தில் முடிந்துவிடும் என்று ஷோரூமிலிருந்து அடிக்கடி போன் வருகிறது. ஆண்டுக்கு 9,000 கி.மீ. ஓட்டுகிறோம், பெரும்பாலும் நகருக்குள். அதே காரின் பெட்ரோல் மாடல் லிட்டருக்கு 15 கி.மீ., ஹைபிரிட் 22.5 கி.மீ. தரும் என்கிறார்கள். கூடுதல் விலைக்கு 9% வட்டியில் கடன்தான் வாங்க வேண்டும். சலுகை இல்லையென்றால் ஹைபிரிட்டை யாருமே சீந்தமாட்டார்கள் என்கிறான் என் தம்பி. அது உண்மையா? நாங்கள் வாங்கலாமா?

பதில்: உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தம்பியின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கான பதில் உங்கள் முடிவுக்கும் உதவும்.

சலுகையால் விற்பனை கூடும் என்பது உண்மை. ஆனால் தம்பி நினைக்கிற அளவுக்கு இல்லை. கனடாவில் சில மாகாணங்கள் ஹைபிரிட் காருக்கு விற்பனை வரியில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தன. அம்பரீஷ் சந்திரா, சுமீத் குலாட்டி, மிலிந்த் கண்ட்லிகர் ஆகியோர் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், சலுகைக் காலத்தில் விற்ற ஹைபிரிட் கார்களில் 26% மட்டுமே சலுகையால் விற்றவை என்று கணக்கிட்டார்கள். மற்றவர்கள் எப்படியும் வாங்கியிருப்பார்கள். அவர்களுக்குச் சலுகை வெறும் போனஸ். அமெரிக்காவைப் பற்றி 2011-ல் வந்த இன்னொரு ஆய்வு, 2006-ஆம் ஆண்டு ஹைபிரிட் விற்பனையில் மத்திய அரசு வரிச்சலுகையின் பங்கு சுமார் 20% என்றது. பெட்ரோல் விலை 1999-ல் இருந்த அளவிலேயே நின்றிருந்தால் அதே ஆண்டு விற்பனை 37% குறைந்திருக்கும் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. மக்களை ஹைபிரிட் பக்கம் அதிகம் தள்ளியது பெட்ரோல் பங்க்கில் இருந்த விலைப்பலகைதான்.

சலுகையின் தொகையைவிட அது எந்த உருவத்தில் வருகிறது என்பதற்குப் பலம் அதிகம். கெல்லி சிம்ஸ் கல்லகரும் எரிக் மூலெகரும் அமெரிக்க மாநிலங்களின் 2000 முதல் 2006 வரையான விற்பனையை ஆராய்ந்தார்கள். மதிப்பு ஒன்றாகவே இருந்தாலும், வாங்கும்போதே பில்லில் விற்பனை வரியை நீக்கிய சலுகை, பிறகு வருமான வரியில் கழித்துக்கொள்ளச் சொன்ன சலுகையைவிடப் பத்து மடங்குக்கும் மேல் விற்பனையைக் கூட்டியது. காரணம் எளிது. பில்லில் குறைவது உடனே கண்ணுக்குத் தெரியும். வருமான வரியில் குறைவது பல மாதம் கழித்து வரும். சிலருக்கு வராமலே போகும்.

ஏன் வராமல் போகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் ஏமாறும் இடம் இதுதான். வருமான வரியில் தரும் சலுகை இரண்டு வகை. ஒன்று, வருமானத்தில் கழிப்பது. அமெரிக்காவில் 2005 வரை இருந்தது இதுதான். 2,000 டாலர் கழிவு என்று கேட்டால் பெரிதாகத் தெரியும். 25% வரி கட்டுபவருக்குக் கையில் மிஞ்சியது 500 டாலர்தான். இன்னொன்று, கட்டவேண்டிய வரியிலேயே கழிப்பது. 2006 ஜனவரி 1 முதல் அங்கே இந்த முறைக்கு மாறினார்கள். டொயோட்டா பிரியஸ் காருக்கு 3,150 டாலர். ஆனால் கட்டவேண்டிய வரிக்கு மேல் ஒரு டாலர்கூடத் திரும்பி வராது. அந்த ஆண்டு வரி 1,200 டாலர்தான் என்றால் சலுகையும் 1,200 டாலர்தான். மீதி 1,950 அடுத்த ஆண்டுக்கும் போகாது. கழிவுகள் எத்தனை இருந்தாலும் ஓர் அளவாவது கட்டியாகவேண்டும் என்ற ‘குறைந்தபட்ச மாற்று வரி’க்குள் வந்தவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. ஷோரூம் நோட்டீஸில் போட்டிருந்த 3,150 என்ற எண்ணை விலையிலிருந்து கழித்துப் பார்த்து வாங்கியவர்கள் அடுத்த ஆண்டு வரிப் படிவம் நிரப்பும்போதுதான் விழித்தார்கள்.

இனி கெடு தேதி. அந்த அமெரிக்கச் சலுகை, ஒரு நிறுவனம் 60,000 ஹைபிரிட் கார் விற்றதும் படிப்படியாகக் குறையும்படி எழுதப்பட்டிருந்தது. டொயோட்டா அந்த எண்ணிக்கையை 2006 ஜூன் காலாண்டில் தொட்டது. அதனால் செப்டம்பர் 30-ல் பிரியஸை டெலிவரி எடுத்தவருக்கு 3,150 டாலர். மறுநாள் எடுத்தவருக்கு 1,575. 2007 ஏப்ரலில் அதிலும் பாதி, அக்டோபரில் ஒன்றுமில்லை. ஒவ்வொரு கெடுவுக்கும் முந்தைய நாட்களில் விற்பனை எகிறியது, கெடு கழிந்ததும் சரிந்தது. நெதர்லாந்திலும் இதையே பார்த்தோம். அலுவலகம் தரும் காரைச் சொந்த வேலைக்கும் ஓட்டினால், கார் விலையில் ஒரு பங்கை ஊழியரின் வருமானத்தில் சேர்த்து வரி போடுவது அங்கே வழக்கம். கார்பன் உமிழ்வு கி.மீ.-க்கு 50 கிராமுக்குக் கீழே இருந்தால் 2013 முடியும்வரை அந்தப் பங்கு 0%, 2014 முதல் 7% என்று அறிவித்தார்கள். 2013 டிசம்பரில் பிளக்-இன் ஹைபிரிட் கார்களின், அதாவது வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றக்கூடிய ஹைபிரிட்டுகளின், பதிவு குவிந்தது. எரிபொருளுக்கு அலுவலகமே பணம் கட்டியதால் அவற்றில் பலவற்றைச் சார்ஜ் போட ஆளில்லை. பெட்ரோலிலேயே ஓடின. ஐரோப்பிய ஆணையத்தின் 2024 அறிக்கையும் இதை உறுதி செய்கிறது: பிளக்-இன் ஹைபிரிட்டுகள் சாலையில் வெளியிடும் கார்பன், சோதனைக்கூட அளவைப்போலச் சராசரியாக 3.5 மடங்கு.

ஆக, வரிச்சலுகை சிலரை ஹைபிரிட்டுக்குக் கொண்டுவருகிறது. இன்னும் பலரை, எப்படியும் வாங்கவிருந்ததை முன்கூட்டியே வாங்க வைக்கிறது. ஷோரூம் உங்களைச் செய்யச் சொல்வதும் இந்த இரண்டாவதைத்தான்.

உங்கள் கணக்குக்கு வருவோம். ஹைபிரிட் கணக்கைப் பணத்தில் போடாமல் பெட்ரோல் லிட்டரில் போடுவது நல்லது. விலை வித்தியாசத்தையும் சலுகையையும் இன்றைய ஒரு லிட்டர் விலையால் வகுத்துவிடுங்கள். நீங்கள் அனுப்பிய விலைப்பட்டியல்படி, ஒரே காரின் பெட்ரோல் மாடலுக்கும் ஹைபிரிட் மாடலுக்கும் உள்ள வித்தியாசம் 2,400 லிட்டர். சலுகை 900 லிட்டர். மீதி 1,500.

9,000 கி.மீ.-க்குப் பெட்ரோல் மாடல் 600 லிட்டர் குடிக்கும், ஹைபிரிட் 400. மிச்சம் ஆண்டுக்கு 200 லிட்டர். கைப்பணம் போட்டால் 1,500 லிட்டரை மீட்க ஏழரை ஆண்டு. இங்கேதான் கடன் குறுக்கே வருகிறது. 1,500 லிட்டருக்கு 9% வட்டி என்றால் முதல் ஆண்டில் மட்டும் 135 லிட்டர். மிச்சமான 200-ல் 135 வட்டிக்குப் போக, அசல் குறைவது 65 லிட்டர்தான். இப்படியே போட்டுப் பாருங்கள், போட்ட பணம் மீள 13 ஆண்டாகும். சலுகையே இல்லையென்றால் வட்டி மட்டும் 216 லிட்டர். மிச்சமாவதைவிட வட்டி அதிகம், அதாவது என்றைக்குமே மீளாது. சலுகை உங்களுக்குச் செய்வது இவ்வளவுதான்: மீளவே மீளாத செலவை 13 ஆண்டில் மீளும் செலவாக ஆக்குகிறது. பெட்ரோல் விலை ஏறினால் இந்தக் காலம் குறையும், ஆனால் பாதியாகக் குறைய விலை பெரிய அளவில் ஏறவேண்டும்.

இதே கார், இதே கடன், ஆனால் ஆண்டுக்கு 18,000 கி.மீ. ஓட்டுபவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 400 லிட்டர், ஐந்து ஆண்டுக்குள் கணக்கு நேராகிவிடும். அவர் என்னிடம் கேட்டால், சலுகை முடிவதற்குள் வாங்குங்கள் என்றே சொல்வேன். வித்தியாசம் காரில் இல்லை, ஓடும் தூரத்தில்தான்.

மைலேஜ் எண்ணையும் சோதியுங்கள். லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்று பார்ப்பது கண்ணை மயக்கும். 10-லிருந்து 12 ஆனால் 100 கி.மீ.-க்கு 1.67 லிட்டர் மிச்சம். 20-லிருந்து 25 ஆனால் 1 லிட்டர்தான். எப்போதும் 100 கி.மீ.-க்கு எத்தனை லிட்டர் என்று மாற்றிப் பாருங்கள். நகருக்குள் ஓட்டுவது உங்களுக்குச் சாதகம்தான்: பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலை மோட்டார் பிடித்து பேட்டரிக்குத் திருப்புவதால் நெரிசலில்தான் ஹைபிரிட் அதிகம் மிச்சம் பிடிக்கும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது அந்த வாய்ப்பு குறைவு. அதேபோல், நோட்டீஸில் ஹைபிரிட் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. மைல்டு ஹைபிரிட் மோட்டார் எஞ்சினுக்குக் கைகொடுக்கும், பொதுவாகக் காரைத் தனியாக நகர்த்தாது, மிச்சமும் கொஞ்சம்தான். சில அரசுகள் அதைச் சலுகையிலிருந்தே நீக்கிவிட்டன. இந்திய ஒன்றிய அரசு 2017 ஏப்ரல் 1 முதல் மானியத்தை நிறுத்தியது ஓர் உதாரணம்.

பராமரிப்பில் ஒரு விஷயம் சொல்லவேண்டும், ஏனென்றால் 13 ஆண்டுக் கணக்கு பேட்டரி தாங்கும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. பல மாடல்களில் பெரிய பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பின் சீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிறிய வலைத்துளை வழியாகப் போகிறது. அதில் தூசியும் நாய் முடியும் அடைத்துக்கொண்டாலோ, மேலே பை வைத்து மூடினாலோ பேட்டரி சூடேறி ஆயுள் குறையும். சர்வீஸுக்கு விடும்போது அந்தத் துளையின் ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேட்கவேண்டும், பட்டியலில் இல்லையென்றால் அவர்களாகச் செய்யமாட்டார்கள். பிரேக் பேட் நெடுநாள் வரும், ஆனால் அதிகம் வேலை இல்லாததால் பேடை அழுத்தும் காலிப்பர் நகர உதவும் பின்கள் இறுகிப்போகும். அவற்றுக்கும் கிரீஸ் வேண்டும். பேட்டரி வாரண்டி எத்தனை ஆண்டு, எத்தனை கி.மீ., இரண்டில் எது முந்தி வருகிறதோ அதுவா என்று எழுத்தில் வாங்குங்கள்.

என் பதில்: கடன் வாங்கி, நன்றாக ஓடும் காரை மூன்று ஆண்டு முன்பே மாற்றி, 900 லிட்டர் சலுகையைப் பிடிக்க வேண்டாம். ஓடும் காரின் மூன்று ஆண்டுப் பயனைக் கைவிடுவதும் ஒரு செலவு. மேலே உள்ள கணக்கில் நான் அதைச் சேர்க்கவே இல்லை.

முன்பணம் போக மீதி முழுவதையும் சேமிப்பிலிருந்தே கொடுக்க முடிந்து, புதிய காரையும் இதேபோல் 11 ஆண்டு வைத்திருப்பீர்கள் என்றால் மட்டும் பேச்சு மாறும். ஏழரை ஆண்டில் மீளும் பணம் நியாயமானது. அப்போதும் கையெழுத்துப் போடுமுன் இவற்றைக் கேட்டு வாங்குங்கள். சலுகை பில்லிலேயே குறைகிறதா, வருமான வரியிலா. வருமான வரியில் என்றால் உங்கள் இந்த ஆண்டு வரி அதைத் தாங்குமா. கெடு எந்தத் தேதிக்கு, முன்பதிவுக்கா, பில்லுக்கா, டெலிவரிக்கா, பதிவுக்கா. அமெரிக்காவில் கார் கைக்கு வந்த நாள்தான் கணக்கு, பணம் கட்டிய நாள் இல்லை. இங்கும் அப்படியென்றால், நான்கு மாதக் காத்திருப்பு உள்ள காரை மூன்று மாதக் கெடுவை நம்பி முன்பதிவு செய்வதில் அர்த்தமில்லை. டெலிவரி தாமதமாகிச் சலுகை போனால் முன்பணம் முழுதாகத் திரும்புமா. சில ஆண்டுக்குள் விற்றால் சலுகையைத் திருப்பிக் கட்டவேண்டுமா. இவற்றில் ஒன்றுக்காவது வாய்மொழியாக மட்டும் பதில் வந்தால், இருக்கும் காருக்கு அடுத்த சர்வீஸ் நாளைக் குறித்துவிட்டு, கடன் தவணையாகக் கட்டியிருக்கும் தொகையை மாதாமாதம் தனியாகப் போட்டுவாருங்கள்.