கணினிக் கேள்வி – பதில்: செய்தியோடைகள்

தமிழ் வலைப்பூக்களும் சிற்றிதழ்த் தளங்களுமாக இருபதை நாள்தோறும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறேன். பெரும்பாலான நாட்களில் பதினெட்டில் புதிதாக எதுவும் இருப்பதில்லை. "செய்தியோடை வைத்துக்கொள்ளுங்கள் தாத்தா" என்கிறான் பேரன். அது என்ன? பணம் கட்ட வேண்டுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாப்பூர்

பேரன் சொல்வதைக் கேளுங்கள். ஒரு தளம் தன்னில் புதிதாக வெளியாகும் பதிவுகளின் தலைப்பு, தேதி, இணைப்பு, சில வேளைகளில் முழு உரை ஆகியவற்றை நிரல்கள் படிக்கத்தக்க ஒரு கோப்பில் எழுதிவைக்கிறது. அந்தக் கோப்புதான் செய்தியோடை. ஓடைப் படிப்பான் என்னும் செயலி, நீங்கள் குறித்துக் கொடுத்த தளங்களின் கோப்புகளை அவ்வப்போது சென்று பார்த்து, புதிதாக வந்தவற்றை மட்டும் ஒரே பக்கத்தில் அடுக்கித் தரும். தளத்துக்கு உங்கள் மின்னஞ்சல் முகவரியைத் தர வேண்டியதில்லை. வேண்டாமென்றால் சொல்லாமல் விலகிவிடலாம்.

இந்த ஓடைகளுள் பரவலானதற்கு ஆர்.எஸ்.எஸ். என்று பெயர் (பெயரைக் கேட்டுப் புருவம் உயர்த்த வேண்டாம், இது வேறு). 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இதன் முதல் வடிவத்தை உருவாக்கிய இருவருள் ஒருவரான ராமநாதன் குஹா, நம் கிண்டிப் பக்கத்து ஐ.ஐ.டி.யில் படித்தவர்.

ஓடைப் படிப்பான்களுள், மின்னஞ்சல் செயலியாகவும் பயன்படும் தண்டர்பேர்டு முற்றிலும் இலவசம். ஃபீட்லி, இனோரீடர் போன்றவை ஓர் எல்லைவரை இலவசம். உங்கள் இருபது தளங்களுக்கு அதுவே போதும். ஓடையைக் குறிக்கும் பழைய ஆரஞ்சு நிறச் சின்னத்தைத் தேடி அலைய வேண்டாம். தளத்தின் முகவரியைப் படிப்பானில் ஒட்டினால், ஓடையைப் பெரும்பாலும் அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். கண்டுபிடிக்காவிட்டால், வேர்டுபிரஸ் என்னும் மென்பொருளில் இயங்கும் தளங்களில் முகவரிக்குப் பின் ஒரு சாய்கோடும், ஃபீட் (feed) என்னும் ஆங்கிலச் சொல்லும் சேர்த்துப் பாருங்கள். யூடியூப் அலைவரிசைகளுக்கும் ஓடை உண்டு.

ஒன்றை மட்டும் பட்டறிவால் சொல்கிறேன். நாளிதழ்களின் ஓடைகளைச் சேர்க்காதீர்கள். நாளொன்றுக்கு நூறு தலைப்புகள் வந்து குவியும் இடத்தில், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எழுதும் நல்ல வலைப்பூ அடியில் புதைந்துபோகும். ஓடையின் பயன், அரிதாக எழுதுவோரைத் தவறவிடாமல் இருப்பதில்தான் இருக்கிறது. நாளிதழை எப்படியும் காலையில் பார்த்துவிடுவீர்கள்.

எங்கள் கல்லூரி நூலகத்தின் இணையப் பக்கத்தில் அறுபது ஆய்விதழ்களின் ஓடைகளை வரிசையாக வைத்தோம். ஆறு மாதமாகியும் பேராசிரியர்கள் யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. விட்டுவிடலாமா?
– கல்லூரி நூலகர், தாம்பரம்

ஓடைகளை விட வேண்டாம். அந்தப் பக்கத்தை விடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ஆய்விதழுக்கு ஓடை மிகவும் பொருத்தமானது, ஏனெனில் புதிய இதழ் வெளியானதும் அதன் பொருளடக்கம் தானாக வந்து சேர்கிறது. ஆனால் அறுபதையும் ஒரே பக்கத்தில் கொட்டினால் வேதியியல் பேராசிரியர் வரலாற்றுக் கட்டுரைகளைத் தாண்டித் தாண்டித் தம் இதழைத் தேட வேண்டியிருக்கும். அறுபதையும் உங்கள் படிப்பானில் வைத்து, துறைவாரியாகப் பிரித்து, வாரம் ஒருமுறை நீங்களே பார்த்து, துறைக்கு ஐந்தாறு தலைப்புகளை மட்டும் அவர்கள் ஏற்கெனவே பார்க்கும் மின்னஞ்சலுக்கோ வாட்ஸ்அப் குழுவுக்கோ அனுப்புங்கள். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிப்பது. உங்கள் பக்கம் அந்த வேலையை அவர்கள் தலையிலேயே கட்டிவிட்டது. ஓடையில் தலைப்பு வந்தாலும் முழுக் கட்டுரைக்குச் சந்தா தேவைப்படலாம் என்பதால், நூலகச் சந்தாவில் உள்ளவற்றை முன்னால் வையுங்கள்.

உங்களிடம் கோஹா என்னும் நூலக மேலாண்மை மென்பொருள் இருந்தால் புதிய நூல்களுக்கும் வழியுண்டு. அதன் நூற்பட்டியலில் செய்யும் தேடலின் முடிவுகளையே ஓடையாகப் பெறலாம். ஆகவே 'சங்க இலக்கியம்' என்று தேடி அந்த ஓடையைத் தமிழ்த்துறைக்குக் கொடுத்துவிடலாம். அச்சில் மட்டும் வரும் தமிழ் ஆய்விதழ்களுக்கு ஓடை கிடையாது. அவற்றின் பொருளடக்கத்தை நூலகத்தின் வேர்டுபிரஸ் பக்கத்தில் தட்டச்சு செய்து போட்டால், அந்தப் பக்கத்துக்கு ஓடை தானாக உருவாகும். அலுப்பான வேலைதான், ஆனால் பிற நூலகங்களும் அதைப் பெற்றுக்கொள்ளலாம்.

கூகுள் ரீடரை 2013 ஜூலையில் மூடியபோது தவித்தவன் நான். மறுபடியும் ஒரு படிப்பானை நம்பலாமா?
– வாசகர், பெரம்பூர்

படிப்பானை நம்ப வேண்டியதில்லை, பட்டியலைக் கையில் வைத்திருந்தால் போதும். எல்லா நல்ல படிப்பான்களும் உங்கள் ஓடைகளின் பட்டியலை ஓ.பி.எம்.எல். என்னும் கோப்பாகத் தரும். அதை வேறொரு படிப்பானில் ஏற்றினால் சில நிமிடங்களில் குடிபெயர்ந்துவிடலாம். மாதந்தோறும் முதல் தேதியன்று அந்தக் கோப்பை எனக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்வது என் வழக்கம்.