தோட்டத்துத் தபால்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, பூவைப் பார்த்தால் மனசு லேசாகும் என்று மாதாமாதம் எழுதுகிறீர்கள். உங்களை நம்பி மாடியில் இரண்டு தொட்டிச் செம்பருத்தி வைத்தேன். நன்றாகத்தான் பூக்கிறது. மனசுதான் லேசாகவில்லை. வீட்டுக் கடன் தவணை அப்படியே இருக்கிறது. நான் என்ன தப்பு செய்கிறேன்? (வாசகி, திருப்பூர்)

பதில்: ஒரு தப்பும் இல்லை தங்கச்சி. செம்பருத்தி தவணை கட்டாது. கட்டும் என்கிற தோரணையில் நான் எழுதியிருந்தால் என்னைத்தான் திட்ட வேண்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், சண்டைக்கு இல்லை. பார்த்தேன் என்கிறீர்களே, எவ்வளவு நேரம் பார்த்தீர்கள்? தண்ணீர் ஊற்றும்போது கண்ணில் படுவதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. நாளைக்கு ஒரே ஒரு பூவைக் கையால் தாங்கிப் பிடித்து, நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டின் நுனியைப் பாருங்கள். குண்டூசித் தலை மாதிரி ஐந்து புள்ளி இருக்கும். அதற்குக் கீழே மஞ்சள் பொடி. ஓர் எறும்பாவது உள்ளே போய்க்கொண்டிருக்கும். அந்த ஐந்தையும் எண்ணி முடிக்கிற வரைக்கும் தவணை ஞாபகம் வராது. முடித்ததும் வந்துவிடும். கிடைப்பது அரை நிமிஷம். அதற்கு மேல் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

என் வீட்டுக் கதை ஒன்று. கோத்தகிரியில் எங்கள் வாசலில் ஒரு ஹைட்ரேஞ்சியா புதர் இருக்கிறது. இங்கே மண் அமிலத்தன்மை உள்ளது. அப்படிப்பட்ட மண்ணில் இருக்கிற அலுமினியத்தை வேர் சுலபமாக இழுத்துக்கொள்ளும். பூ நீலமாக வரும். என் வீட்டுக்காரர் இறந்துபோன வருஷம், திதிக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். அடிக்க வந்தவர் வாளியில் மிஞ்சிய சுண்ணாம்பை அந்தப் புதரின் இடது பக்க வேரில் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் கையால் நட்ட செடி அது. கூலியைக் கொடுக்கும்போது வாய்க்கு வந்தபடி பேசினேன்.

மறு வருஷம் மே மாதம் பூத்தது. வலது பக்கம் பழைய நீலம், இடது பக்கம் ரோஸ். சுண்ணாம்பு விழுந்த மண்ணில் அமிலம் குறைந்து அலுமினியம் வேருக்கு எட்டாமல் போனால் இப்படித்தான் ஆகும். நடுவில் ஒரே ஒரு கொத்து, எந்தப் பக்கம் சேர்வது என்று முடிவு பண்ணாத மாதிரி ஊதாவில் நின்றது. அதற்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். நாம் இதழ் என்று நினைப்பதெல்லாம் அதில் இதழே இல்லை, புல்லி, அதாவது மொட்டை மூடியிருக்கும் வெளி உறை. விரலால் விலக்கிப் பார்த்தால் நடுவில் கடுகளவு ஒரு மணி. அதுதான் பூ. முப்பது வருஷம் அந்தச் செடியைத் தாண்டித் தபால் ஆபீஸுக்கு ஓடியிருக்கிறேன், அன்றைக்குத்தான் தெரிந்தது. “ஏங்க, இங்க வந்து பாருங்களேன்” என்று வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது.

மனசு லேசானதா? இல்லை. உட்கார்ந்து அழுதேன். சாவுக்கு வந்தவர்கள் முன்னால் வராத அழுகை. அழுது முடித்து எழுந்து, அடுப்பில் வைத்த பாலை இறக்கினேன். பொங்கி வழிந்திருந்தது.

கேள்வி: ஊட்டி மலர்க் காட்சிக்குக் குடும்பத்தோடு வரலாம் என்று இருக்கிறோம். எப்போது வந்தால் நல்லது? (வாசகர், விருதுநகர்)

பதில்: காட்சி மே மாதம். 1896-ல் தொடங்கிய வழக்கம். இ-பாஸ், அதாவது வண்டியில் மலைக்கு வர இணையத்தில் பதிவு பண்ணி வாங்குகிற அனுமதி, அதை எடுக்காமல் கிளம்பாதீர்கள். மலை அடிவாரத்தில் நின்றுகொண்டு போனில் பதிவு பண்ணுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. என்னைக் கேட்டால் மே மாதம் வேண்டாம், முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்ப்பீர்கள். செப்டம்பரில் வாருங்கள். குன்னூர் சிம்ஸ் பூங்காவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1874-ல் வந்த பூங்கா, சரிவில் இறங்கி இறங்கிப் போகும். முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே உட்கார்ந்துகொள்ளலாம், அங்கேயும் மரங்கள் உண்டு.

கேள்வி: ஊட்டியில் வாங்கிவந்த பூச்செடி பதினைந்து நாளில் கருகிவிட்டது. உரம் போட்டும் பிழைக்கவில்லை. இப்படி மூன்றாவது முறை. (வாசகி, சேலம்)

பதில்: நாலாவது முறை வேண்டாம். குளிரில் வளர்ந்ததை அந்த வெயிலில் கொண்டுபோய் வைத்தால் உரம் என்ன செய்யும்? உங்கள் ஊர்ச் செடியை வைத்துக்கொள்ளுங்கள். அந்திமந்தாரை விதை நாலு போடுங்கள், யார் வீட்டு வேலியோரமும் கிடைக்கும், மிளகு மாதிரி இருக்கும். வெயில் தாழ்ந்து நாலு, ஐந்து மணிக்குத்தான் விரியும். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருகிற நேரம். ஒரே செடியில் ஒரு பூ மஞ்சள், ஒரு பூ ரோஸ், ஒன்றில் இரண்டும் தெளித்த மாதிரி வருவதுண்டு. இங்கே எனக்கு அவ்வளவு செழிப்பாக வருவதில்லை. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் காலையில் வெந்த கீரை மாதிரி கிடக்கும். உங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

கேள்வி: அம்மா, குறிஞ்சி அடுத்து எப்போது பூக்கும்? நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? (கல்லூரி மாணவர், பழநி)

பதில்: 2006, 2018. அடுத்தது 2030. குறிஞ்சிக் குடும்பத்தில் பல வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. நீலக்குறிஞ்சிக்குப் பன்னிரண்டு வருஷம். பூத்து, விதை விட்டு, செடி பட்டுப்போகும். விதையிலிருந்து மறுபடி ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்ண வேண்டும்.

2006-ல் தபால் துறை குறிஞ்சிக்கு ஒரு தபால் தலை வெளியிட்டது. கவுன்டரில் அதை விற்றேன். விற்றுவிட்டு, லீவு போட்டுக் கொடைக்கானலுக்கு உங்கள் மலைப் பக்கமே வந்தோம். 1936-ல் கட்டிய குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் கும்பிட்டுவிட்டு நடந்தபோது, சரிவில் பூ. தனியாக ஒன்றைப் பறித்துப் பார்த்தால் ஒன்றுமில்லை, வெளிறிய ஊதாவில் சின்ன மணி. மலை முழுக்கப் பார்க்கும்போதுதான் வாயடைத்துப் போகிறது. அவர் அதைவிடத் தேன் விற்கிறவரிடம் பேரம் பேசுவதில் மும்முரமாக இருந்தார்.

அந்த மலைப் பழங்குடிகளான பளியர்கள் குறிஞ்சிப் பூப்பை வைத்து வயதைக் கணக்கிடுவார்கள் என்று சொல்வார்கள். நான் 1960-ல் பிறந்தவள். அந்தக் கணக்கில் என் வயது ஐந்து குறிஞ்சி. ஆறாவதுக்கு எனக்கு எழுபது. முழங்காலுக்கு இப்போதிருந்தே தைலம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: பாட்டி, டீ செடி பூக்குமா? எங்கள் டீச்சர் பூக்காது என்கிறார். (ஏழாம் வகுப்பு, சென்னை)

பதில்: பூக்கும் கண்ணா. டீச்சரிடம் மெதுவாகச் சொல்லு. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தம் கொத்தாக, உன் சட்டைப் பொத்தானைவிடப் பெரிசு. முகர்ந்தால் லேசாக வாசனை. தோட்டங்களில் அழகுக்கு வளர்க்கிற கமேலியா இதற்கு நெருங்கிய சொந்தம்.

நீங்கள் சுற்றுலா வரும்போது அதிகம் கண்ணில் படாததற்குக் காரணம், கொழுந்தை விடாமல் கிள்ளிக்கொண்டே இருப்பார்கள், சில வருஷத்துக்கு ஒரு தடவை கவாத்தும் வெட்டுவார்கள். செடிக்கு இலை விடவே நேரம் சரியாக இருக்கும். அப்படியே விட்டுவிட்டால் மரமாகி, நிறையப் பூக்கும்.

எங்கள் வீட்டுக்குக் கீழே, ஊற்றுக்குப் போகிற வழியில் அரை ஏக்கர் அப்படித்தான் பூத்துக் கிடக்கிறது. பச்சை இலைக்குக் கிடைக்கிற விலை பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று அந்தக் குடும்பம் கோயம்புத்தூருக்குப் போய்விட்டது. செடிகள் என் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டன. காலையில் போனால் தேனீ சத்தம் தூரத்திலிருந்தே கேட்கும், பாதையெல்லாம் வெள்ளையாக உதிர்ந்திருக்கும். போன வாரம் அந்த வீட்டு அம்மா போனில், “செடியெல்லாம் எப்படிக்கா இருக்கு?” என்று கேட்டாள். பூத்திருக்கிறது என்றேன். “அய்யோ” என்றாள்.