டின்னில் வந்த புகைச் சிப்பி ரத்தம் ஊற வைக்குமா?

கேள்வி: எனக்கு 36 வயது. பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமம். ஹீமோகுளோபின் 9.2 என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். வயிறு எரிந்தது, மலம் கருப்பாகப் போனது, பயந்து நிறுத்திவிட்டேன். கொரியாவில் வேலை பார்க்கும் என் கொழுந்தன் லீவுக்கு வந்தபோது எண்ணெயில் போட்ட புகைச் சிப்பி டின் ஆறு கொண்டுவந்தார். "வாரம் ஒரு டின் சாப்பிடுங்க அண்ணி, ரத்தம் தானா ஊறும், மாத்திரையே வேண்டாம்" என்கிறார். என் வீட்டுக்காரர் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். போன வருடம் கால் கட்டைவிரல் வீங்கி யூரிக் அமிலம் அதிகம் என்றார்கள். "ஆம்பளைக்குத்தான் இது ரொம்ப நல்லது" என்று அவரிடமும் ஒருவர் சொல்லியிருக்கிறார். ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். மாமியாரோ, கருகின நாற்றம் அடிக்கிறது, கெட்டுப்போன சாமான் என்கிறார். யார் யார் சாப்பிடலாம், எப்படிச் சமைப்பது? ஒரு டின் கொஞ்சம் நசுங்கியிருக்கிறது. மாதவிலக்கு எட்டு நாள் போகும், அது எனக்கு எப்போதும் அப்படித்தான்.

பதில்: போகிற போக்கில் கடைசியாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, மாதவிலக்கு எட்டு நாள் என்று, எனக்கு அதுதான் முதல் வரி. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் உங்கள் மாமியாருக்கு ஒரு பதில் சொல்லிவிடுவோம்.

அது கெட்டுப்போன சாமான் இல்லை. சிப்பியின் ஓட்டைத் திறந்து சதையை எடுத்து, வேகவைத்து, மரப்புகையில் காட்டி, எண்ணெய் ஊற்றி டின்னில் அடைக்கிறார்கள். மூடியை இறுக்கிய பிறகு டின்னோடு சேர்த்து அதிக அழுத்தத்தில், கொதிநிலைக்கு மேலான சூட்டில் மறுபடி வேகவைக்கிறார்கள். அதனால்தான் ஃபிரிட்ஜ் இல்லாமலே வருடக்கணக்கில் நிற்கிறது. திறந்து அப்படியே சாப்பிடலாம். வயிற்றுப் பக்கம் கரும்பச்சையாகத் தெரிந்தால் அது சிப்பி தின்ற பாசி, பயப்பட ஒன்றுமில்லை. நாற்றம் என்கிறார்களே, அது புகை வாசனை. கருவாடு வாங்கிக் குழம்பு வைக்கிற வீட்டில் இதற்குப் போய் மூக்கைப் பொத்திக்கொள்வது கொஞ்சம் அநியாயம்தான்.

சத்து என்று பார்த்தால் கொழுந்தன் முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை. சாதாரணமாகக் கிடைக்கும் 85 கிராம் டின்னில் எண்ணெயை வடித்தால் 60, 65 கிராம் சதை தேறும். அதில் ஏறக்குறைய இரண்டு முட்டை அளவுக்குப் புரதம் இருக்கும். பி12 வைட்டமின் ஒரு நாளைக்கு நமக்கு வேண்டியது இரண்டு, இரண்டரை மைக்ரோகிராம்தான். ஒரு டின்னில் 10 மைக்ரோகிராமுக்கு மேலேயே இருக்கும். செம்பு, செலினியம் எல்லாம் தாராளம். துத்தநாகத்தில், அதாவது ஜிங்க்கில், சிப்பியை அடிக்க உணவே கிடையாது. ஒரு டின்னில் 15, 20 மில்லிகிராம் வரும், சில வகைச் சிப்பியில் அதைவிடவும் கூடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு வேண்டியது 13 மில்லிகிராம் சொச்சம், ஆணுக்கு 17.

இரும்புக் கணக்குதான் இடிக்கிறது. ஒரு டின்னில் 4 முதல் 6 மில்லிகிராம் இரும்பு இருக்கும். உணவில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கை உடம்பு எடுத்துக்கொண்டாலே பெரிய விஷயம். ஆக டின்னுக்கு 1 மில்லிகிராம் ரத்தத்தில் சேரும் என்று வைத்துக்கொள்வோம். இப்போது செலவுப் பக்கத்தைப் பாருங்கள். மாதவிலக்கில் 80 மில்லிக்கு மேல் ரத்தம் போனால் அதை அதிகப்படியான போக்கு என்கிறோம். எட்டு நாள் போகிற பலருக்கு அந்த அளவு சுலபமாகத் தாண்டிவிடும். உங்கள் ஹீமோகுளோபின் அளவில் 80 மில்லி ரத்தம் என்றால் அதோடு கிட்டத்தட்ட 25 மில்லிகிராம் இரும்பு வெளியேறுகிறது. அதைச் சிப்பியால் ஈடுகட்ட மாதம் 25 டின் வேண்டும். வாரம் ஒன்று சாப்பிட்டால் வரவு 4, செலவு 25. கொழுந்தன் கொரியாவிலிருந்து பெட்டி பெட்டியாக அனுப்பினாலும் கட்டுப்படியாகாது.

"எப்போதும் அப்படித்தான்" என்று பெண்கள் சொல்வதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். எப்போதும் அப்படி இருப்பதால் அது சரி என்று ஆகிவிடாது. கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருக்கலாம், தைராய்டு குறைவாக இருக்கலாம். ஒரு வயிற்று ஸ்கேன், தைராய்டு, ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு எவ்வளவு கையிருப்பு என்று காட்டுவது), பி12 பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகளிர் மருத்துவப் பிரிவைப் பார்த்தால் போதும். வயல் வேலைக்கு வெறுங்காலோடு போகிறவராக இருந்தால் கொக்கிப்புழுவுக்கும் மாத்திரை கேளுங்கள். அதுவும் குடலிலிருந்து ரத்தத்தை உறிஞ்சும். இன்னொன்று, பச்சரிசியை வாயில் போட்டு மெல்லத் தோன்றுகிறதா, மண் வாசனை இழுக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, இரும்பு குறைந்தால் அப்படித் தோன்றும். டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மாத்திரையை மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அரசு கொடுக்கும் மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மலம் கருப்பாகப் போவது உறிஞ்சப்படாத இரும்பின் நிறம்தான். வயிறு எரிந்தால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் போடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்று கொடுத்த டாக்டரையே கேளுங்கள். இரும்பு உள்ளே போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி அடுத்த ஒரு நாளுக்கு வாசலைப் பாதி சாத்திவிடுகிறது, அதனால் இடைவெளி விட்டுப் போட்டால் பலருக்கு நன்றாகவே ஏறுகிறது, எரிச்சலும் குறைகிறது. டீயை மட்டும் சாப்பாட்டிலிருந்தும் மாத்திரையிலிருந்தும் ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள்.

சரி, "ஆம்பளைக்கு நல்லது" என்ற கதைக்கு வருவோம். அதற்கு ஒரு சின்ன அடிப்படை உண்டு. பீகாரில் பிறந்த ஆனந்த பிரசாத் என்ற மருத்துவர் 1958இல் ஈரானின் ஷிராஸ் நகரில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே 21 வயது இளைஞன் ஒருவன் அவரிடம் வந்தான். பார்த்தால் பத்து வயதுப் பையன் போல இருந்தான். வளர்ச்சி இல்லை, ஆண்மைக்கான அடையாளம் எதுவும் வரவில்லை, கடுமையான ரத்தசோகை வேறு. அந்தப் பக்கத்தில் அப்படிப் பலர் இருந்தார்கள். கறி, மீன் கிடையாது, மூன்று வேளையும் முழுக்கோதுமை ரொட்டி, கூடவே மண் தின்னும் பழக்கம். தானியத்தின் தோலில் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு குடலில் இறங்க விடுவதில்லை. 1961இல் இதைப் பற்றி அவர் எழுதினார். அப்புறம் எகிப்தில் இதே போன்ற இளைஞர்களிடம் துத்தநாகக் குறைவை நிரூபித்துக் காட்டினார்கள். துத்தநாகம் கொடுத்ததும் அவர்கள் வளர்ந்தார்கள், பருவமடைந்தார்கள். மனிதனுக்குத் துத்தநாகம் அவசியம் என்பதே அப்படித்தான் தெரியவந்தது.

ஆனால் குறைவு இருந்தவர்களுக்குத்தான் அது வேலை செய்தது. உங்கள் வீட்டுக்காரருக்குக் குறைவு இல்லையென்றால் டின் டின்னாகத் தின்றாலும் கூடுதலாக ஒன்றும் நடக்காது. அந்த ஆலோசகரை நம்ப வேண்டாம்.

ஈரான் கதையை நீட்டிச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் ஊர்ச் சாப்பாடு ராகி. சுண்ணாம்புச் சத்தில் அதற்கு இணை இல்லை, எனக்கும் களி பிடிக்கும். ஆனால் அதிலும் ஃபைட்டேட் இருக்கிறது. ராகியை முளைகட்டி அரைத்தாலோ, மாவைப் புளிக்க வைத்துக் கூழாகக் காய்ச்சினாலோ அது கணிசமாகக் குறையும். கூட மீனோ கறியோ இந்தச் சிப்பியோ ஒரு வாய் இருந்தால், ராகியிலும் கீரையிலும் இருக்கிற இரும்பு கூடுதலாக இறங்கும். புளிப்புச் சேர்ந்தால் இன்னும் நல்லது. மாங்காய்க்கு கிருஷ்ணகிரிப் பக்கம் பஞ்சமே இல்லை. நாலு பச்சைத் துண்டு தட்டில் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் உடம்புக்குச் சிப்பி செய்யப்போகிற உண்மையான உதவி இதுதான்.

வீட்டுக்காரர் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். சிப்பியில் பியூரின் உண்டு, அது உடைந்துதான் யூரிக் அமிலமாகிறது. கட்டைவிரல் ஒருமுறை வீங்கியவர் இதை ருசிக்கு இரண்டு துண்டோடு நிறுத்த வேண்டும். வீக்கம் இருக்கிற சமயத்தில் அதுவும் வேண்டாம். டின்னில் உப்பும் சேர்ந்திருக்கும், பிரஷருக்கு ஆகாது. அவர் சாப்பிடும் மாத்திரையின் பெயரையும் பாருங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் மாதிரி சிறுநீரைக் கூட்டும் மருந்து அதில் இருந்தால் அதுவே யூரிக் அமிலத்தை ஏற்றும். தானாக நிறுத்தக் கூடாது, மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். முதுகு, கழுத்து இறுக்கமும் அவருக்கு இருந்தால் எல்லாவற்றையும் யூரிக் அமிலத்தின் தலையில் கட்டிவிடாதீர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் ஃபுளோரைடு கலந்த போர் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். அதனாலும் எலும்பும் மூட்டும் இறுகும்.

குழந்தைக்கு ஒரு துண்டு, ஒத்துக்கொண்டால் இன்னொரு நாள் இரண்டு, மூன்று. அந்த வயதுக்குத் துத்தநாகத்தின் உச்ச அளவு நாளொன்றுக்கு 12 மில்லிகிராம் என்பார்கள், முழு டின் அதைத் தாண்டிவிடும். இறால், நண்டு சாப்பிட்டு வீட்டில் யாருக்காவது எப்போதாவது உடம்பு தடித்திருந்தால் அவர் இதைத் தொடவே வேண்டாம். முதல் துண்டுக்குப் பிறகு உதடு அரித்தாலோ, உடம்பில் தடிப்பு வந்தாலோ அதோடு நிறுத்துங்கள். மூச்சு இழுத்தால் யோசிக்காமல் 108.

பெரியவர்களுக்கும் மாதம் ஒன்றிரண்டு டின் போதும் என்பது என் கருத்து. சிப்பி கடல்நீரை வடிகட்டித்தான் இரை தேடுகிறது. அந்த நீரில் காட்மியம் இருந்தால் அதுவும் சதையில் தங்கும். பாதரசம் குறைவு, அந்தக் கவலை வேண்டாம். புகையில் உண்டாகும் தாரைப் போன்ற சில பொருள்கள் கொழுப்பில் கரையக்கூடியவை, அதில் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று சந்தேகிக்கப்படுபவையும் உண்டு. அதனால் டின் எண்ணெயைக் குழம்பில் ஊற்றிச் சிக்கனம் பிடிக்க வேண்டாம், வடித்துக் கொட்டிவிடுங்கள். பெங்களூரு பக்கம் பெரிய ஓட்டல்களில் பச்சைச் சிப்பியே பரிமாறுகிறார்கள். அது வேறு சங்கதி. கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு விப்ரியோ கிருமியால் உயிருக்கே ஆபத்து. சர்க்கரை நோயாளிகளும் கர்ப்பிணிகளும் தவிர்ப்பது நல்லது. டின் சிப்பிக்கு அந்தப் பயம் கிடையாது.

சமையலுக்கு நான் பெரிய ஆள் இல்லை, ஆனால் இரண்டு விஷயம் தெரியும்: உப்பு போடாதீர்கள், நேரம் கழித்துப் போடுங்கள். ஏற்கனவே வெந்ததை மேலும் வேகவைத்தால் ரப்பராகிவிடும், புகை மணமும் போய்விடும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, இரண்டு முட்டை உடைத்து ஊற்றிக் கிளறி, இறக்கும்போது சிப்பியைப் போட்டு மிளகுத்தூள் தூவினால் பத்து நிமிட வேலை. களிக்கு என்றால் கத்தரிக்காய் போட்டுப் புளிக்குழம்பு வழக்கம்போல் வைத்து, அடுப்பை அணைக்கும் நேரத்தில் சேருங்கள். கருவாட்டுக் குழம்பு சாப்பிடுகிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. மேல்நாடுகளில் உப்பு பிஸ்கட் மேல் வைத்து அப்படியே சாப்பிடுகிறார்கள், எனக்கென்னவோ அது பிடிபடவில்லை.

ஆறு டின் தீர்ந்ததும் தேடி வாங்க வேண்டாம். மாதம் இரண்டு முறை ஆட்டு ஈரல் 100 கிராம் வாங்கினால் இரும்பும் பி12ம் இதற்குக் குறையாமல் கிடைக்கும், துத்தநாகத்தில் மட்டும்தான் சிப்பி முன்னே. வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் ஈரல் வேண்டாம், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

திறந்த டின்னில் மீதம் இருந்தால் மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள், இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். அந்த நசுங்கிய டின்னை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நடுப்பக்கத்தில் லேசான பள்ளம் என்றால் பரவாயில்லை, அதை முதலில் திறந்து சாப்பிடுங்கள். விளிம்பிலோ, மூடி சேரும் மடிப்பிலோ நசுங்கியிருந்தாலும், எண்ணெய் கசிந்திருந்தாலும், மூடி உப்பியிருந்தாலும் திறக்காமலே ஒரு கவரில் கட்டி, நாய் இழுக்காத இடமாகப் பார்த்துக் குப்பையில் போட்டுவிடுங்கள். நாக்கில் வைத்து ருசி பார்த்து முடிவு செய்கிற வேலை வேண்டாம். காற்றில்லாத டின்னுக்குள் வளரும் போட்யூலிசம் கிருமியின் நஞ்சுக்கு ருசியும் கிடையாது, வாசனையும் கிடையாது.