எட்டு அங்குலக் கத்தியும் பத்துக் கிலோ வெங்காயமும்

கேள்வி: வங்கியில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடங்களாக, விடுமுறை நாட்களில் மொட்டைமாடியில் சின்ன உலை வைத்து, பழைய லாரிப் பட்டையில் (வில் ஸ்பிரிங் தகட்டில்) சமையலறைக் கத்திகள் செய்கிறேன். இதுவரை பதினொன்று. வீட்டிலும் நண்பர்களிடமும் காட்டினால் எல்லோரும் “அருமை” என்கிறார்கள். பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நன்றாக இருக்கிறது, வெட்டுமா?” என்று கேட்டார். மனம் சுருங்கிவிட்டது. என் வடிவமைப்பில் என்ன குறை என்று யாரிடம், எப்படிக் கேட்பது? படமும் அளவுகளும் இணைத்திருக்கிறேன்.
– ப., மதுரை

பதில்: உங்கள் நண்பர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. கத்தியைக் கண்ணால் பார்க்கச் சொன்னீர்கள், பார்த்துச் சொன்னார்கள். பெரியவர் ஒருவர்தான் அதைக் கத்தியாக மதித்துக் கேள்வி கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் 1976 முதல் இயங்கும் ‘அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி’ என்ற கத்திக் கொல்லர் சங்கத்தில் தேர்வு எழுதப் போனாலும் இதே கேள்விதான். தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும், மரச்சட்டத்தை வெட்டித் துண்டாக்குவதை இரண்டு முறை செய்ய வேண்டும், அதன் பிறகும் கத்தியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, கைமுடியை மழிக்க வேண்டும், கடைசியில் 90 டிகிரி வளைத்தாலும் அலகு முறியக் கூடாது. அதில் தேறிய பிறகே செய்நேர்த்தியைப் பார்க்கிறார்கள்.

படத்தை வைத்து நான் சொல்லக்கூடியது இரண்டு. எட்டு அங்குல அலகுக்கு முதுகில் 4 மி.மீ. தடிமன் விட்டிருக்கிறீர்கள், வாயை நோக்கி மெலியும் சரிவும் பாதி அகலத்திலிருந்துதான் தொடங்குகிறது. காய் நறுக்கும் கத்திக்கு முதுகில் 2 மி.மீ. அளவில் இருந்தால் போதும். ஒரு தடித்த கேரட்டை வெட்டிப் பாருங்கள். பாதி வரை சத்தமில்லாமல் இறங்கி, பிறகு ‘டக்’ என்று வெடிக்கும். வெட்டு முகத்தைத் திருப்பிப் பாருங்கள்: மேல் பாதி கண்ணாடி போலவும் கீழ்ப் பாதி சொரசொரப்பாகவும் இருக்கும். கீழ்ப் பாதியை உங்கள் கத்தி வெட்டவே இல்லை, ஆப்பு போலப் பிளந்திருக்கிறது. இரண்டாவது, பிடியில் நான்கு விரல்களுக்கும் பள்ளம் எடுத்திருப்பது. உங்கள் கைக்கு அது கச்சிதமாக இருக்கும். உங்கள் அம்மா பிடித்தால் விரல் பள்ளத்தில் உட்காராது, மேட்டில் உட்காரும்.

மற்றதெல்லாம் கத்தி இன்னொருவர் கைக்குப் போனால்தான் தெரியும். என் முதல் கத்தியை அத்தையிடம் கொடுத்தேன். தினமும் கேட்டேன், தினமும் “நன்றாக இருக்கிறதப்பா” என்றார். விருந்தில் இலையருகே நின்று “சாப்பாடு எப்படி?” என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்? ஒரு நாள் சொல்லாமல் போய் நின்றேன். அத்தை அரிவாள்மனையில் உட்கார்ந்திருந்தார். என் கத்தி மேடையில் பால் பாக்கெட் கிழிக்கக் காத்திருந்தது. என் எதிரில் ஒரு புடலங்காயை நறுக்கச் சொன்னேன். ஒவ்வொரு வெட்டுக்கும் அவர் விரல் முட்டி பலகையில் இடித்தது. இடிக்காமலிருக்க மணிக்கட்டைத் தூக்கித் தூக்கி வெட்டினார். அலகின் அகலம் 3 செ.மீ. மட்டும் வைத்திருந்தேன். அடுத்த கத்திக்கு நாலரை வைத்தேன். அத்தையிடம் ஒரு வருடம் கேட்டிருந்தாலும் இதை அவர் சொல்லியிருக்க மாட்டார். அவருக்கே தெரியாது.

ஆகவே, தினமும் பத்துக் கிலோ வெங்காயம் நறுக்கும் ஒரு மெஸ் மாஸ்டரைப் பிடியுங்கள். கத்தியைக் கொடுத்துவிட்டு இரண்டு வாரம் அந்தப் பக்கம் போகாதீர்கள். போகும்போது, அவருடைய பழைய கத்தியும் உங்கள் கத்தியும் எங்கெங்கே கிடக்கின்றன என்று முதலில் பாருங்கள். பிறகு “எங்கே வலிக்கிறது?” என்று கேளுங்கள். கேட்பதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: பிடி முழுக்க அடுப்புக்கரித் தூளைத் தடவிக் கொடுத்து, பத்து நிமிடம் நறுக்கச் சொல்லிவிட்டு அவர் உள்ளங்கையைப் பாருங்கள். கரி அடர்ந்து அப்பியிருக்கும் இடத்தில் பிடி குத்துகிறது. படியாத இடத்தில் பிடி கையைத் தொடவே இல்லை. ஒரே கையைப் பார்த்துவிட்டு அரத்தை எடுக்காதீர்கள். பெரிய கை, சின்னக் கை என்று நாலைந்து பாருங்கள்.

“சீக்கிரம் மழுங்குகிறது” என்று சொன்னால் வடிவத்தில் கை வைக்காதீர்கள். பூதக்கண்ணாடியில் வாயைப் பாருங்கள். மடங்கியிருந்தால் பதம், அதாவது இரும்புக்கு ஏற்றிய கடினம், போதவில்லை. பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தால் பதம் ஏறிவிட்டது, இன்னும் கொஞ்சம் சூடு காட்டித் தணித்திருக்க வேண்டும். பழைய லாரிப் பட்டை என்பதால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசலும் இருக்கலாம். இது உலையின் கணக்கு, வரைபடத்தின் கணக்கு வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு நான் மூன்று நல்ல வடிவங்களைக் கைவிட்டிருக்கிறேன்.

தெருவில் வரும் சாணைக்காரரிடமும் காட்டுங்கள். ஊர்க் கத்திகள் அத்தனையும் எங்கே தேயும், எங்கே உடையும் என்று பார்த்தவர் அவர். பிடியை ஒட்டிய குதிகால் மூலையில் சாணை எட்டாமல் நீங்கள் விட்டிருக்கும் இடத்தை ஒரே பார்வையில் காட்டிவிடுவார். ஆனால் சக்கரத்தில் வைக்க மட்டும் விடாதீர்கள். வாய் சூடேறி நீலம் பாய்ந்தால் நீங்கள் ஏற்றிய பதம் அங்கே போய்விடும்.

இனிமேல் இரும்பைத் தொடுமுன் 3 மி.மீ. பிளைவுட்டில் பிடியோடு சேர்த்து ஒரு கத்தி வெட்டி, அதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மரத்துண்டு என்றால் யாரும் தயங்காமல் குறை சொல்வார்கள். உங்களுக்கும் அவ்வளவாக வலிக்காது.

அடுத்த கடிதத்தில் புதுக் கத்தியின் படம் வேண்டாம். ஒரு மாதம் அந்த மெஸ்ஸில் கிடந்த கத்தியின் படத்தை அனுப்புங்கள். துரு இருந்தால் தேய்க்காமல் அப்படியே எடுங்கள்.