எந்த ஊரின் தீயணைப்புத் துறையில் சேரப்போகிறான்?

வணக்கம் அம்மா. கலிபோர்னியாவில் வளர்ந்த உங்கள் பையன், கல்லூரி முடித்ததும் தீயணைப்பு வீரராகப் போகிறேன் என்கிறான். உங்கள் நகரசபையோ பட்ஜெட்டில் துண்டு விழுகிறது என்று அந்தத் துறையிலேயே கை வைக்கிறது. இதை நம்பி எப்படி அனுப்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் இந்த வேலை நிலையானதா என்பதற்கு எல்லா ஊருக்கும் பொருந்தும் பதில் கிடையாது. சம்பளம் கொடுப்பது அந்தந்த நகராட்சி, கவுண்டி என்னும் வட்டார நிர்வாகம், அல்லது தீயணைப்புக்கென்றே இருக்கும் தனி மாவட்டம். சான் பெர்னார்டினோ நகரம் 2012-ல் திவால் மனு கொடுத்தது. 2016-ல் தன் தீயணைப்புத் துறையையே கவுண்டியிடம் ஒப்படைத்துவிட்டது. எல்லா ஊரும் அப்படி ஆகவில்லை.

பொதுவாக எடுத்த எடுப்பில் யாரையும் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். ஓய்வு பெறுபவர்களின் இடத்தை நிரப்பாமல் விடுவார்கள். தேர்வு எழுதி, உடல்தகுதி முடித்து, பட்டியலில் பெயர் வந்த பிறகும் கூப்பிடாமலே அந்தப் பட்டியல் காலாவதியாகிவிடும். புதியவர்களுக்கு முதல் அடி இதுதான். அதற்கும் மேல் ஆட்குறைப்பு வந்தால், பெரும்பாலும் பணிமூப்புதான் கணக்கு. கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியேறுவார்.

சம்பளத்தில் ஏமாந்துவிடாதீர்கள். இங்கே நகர ஊழியர்களின் வருமானம் பொதுவில் கிடைக்கும். ஒரு தீயணைப்பு வீரரின் ஆண்டுத் தொகையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். அதில் ஓவர்டைமைக் கழித்துப் பாருங்கள். காலியிடத்தை நிரப்பாத நகரம், இருக்கிறவர்களை வைத்தே ஷிஃப்டை ஓட்டும். 24 மணி நேரம் முடித்துக் கிளம்புகிறவனை, மாற்று ஆள் இல்லை என்று மறுபடியும் நிறுத்திவைப்பார்கள். காசு வரும், தூக்கமும் குடும்ப நேரமும் போகும். அந்தப் பணம் பொதுவாக ஓய்வூதியக் கணக்கிலும் சேராது. 2013 முதல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஓய்வூதிய விதிகளே முன்பைவிட இறுக்கம்.

என்னைக் கேட்டால், சம்பளத்தைவிட முக்கியம் வண்டியில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பது. தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் 1710 தரநிலை, ஒரு வண்டிக்குக் குறைந்தது 4 பேர் என்கிறது. ஆனால் அது தானாகச் சட்டமாகிவிடாது. 3 பேரோடு ஓட்டுகிற ஊர்கள் உண்டு. பணியிடப் பாதுகாப்பு விதிப்படி, எரியும் கட்டடத்துக்குள் 2 பேர் போனால் வெளியே 2 பேர் தயாராக நிற்க வேண்டும். உயிர் காக்க உடனே நுழைய வேண்டிய நேரத்துக்குத்தான் விதிவிலக்கு. 3 பேரோடு முதலில் போய்ச் சேரும் வண்டி அடுத்த வண்டிக்காக வாசலில் காத்திருக்கும். உள்ளே யாரோ சிக்கியிருந்தால் போதிய துணை இல்லாமலே நுழையும். பையனைப் பெற்றவராக நீங்கள் கவலைப்பட வேண்டியது இதற்குத்தான்.

அதனால் அவன் விண்ணப்பிக்க நினைக்கும் நகரங்களின் பட்ஜெட்டை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், இணையத்திலேயே இருக்கும். ஒதுக்கிய இடங்கள் எத்தனை, நிரப்பியவை எத்தனை? தொழிற்சங்க ஒப்பந்தத்தில் வண்டிக்கு இத்தனை பேர் என்று எழுதியிருக்கிறதா? விற்பனை வரியை அதிகம் நம்பும் ஊர், மந்தநிலை வந்தால் சீக்கிரமே தள்ளாடும். புதிய இடங்கள், தீயணைப்பு ஆட்களைச் சேர்க்க மத்திய அரசு சில காலத்துக்குத் தரும் சேஃபர் (SAFER) மானியத்தில் வந்தவையா என்றும் பார்க்கட்டும். மானியம் முடிந்ததும் அந்தச் சம்பளம் நகரத்தின் தலையில்தான் விழும்.

அப்புறம், பாராமெடிக் உரிமம். தீயணைப்பு நிலையங்களுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி மருத்துவ உதவிக்குத்தான். இ.எம்.டி. (EMT) எனும் அடிப்படை அவசர மருத்துவ உதவிச் சான்றிதழைப் பல துறைகள் கட்டாயமாகக் கேட்கின்றன. அதற்கு அடுத்த நிலையான பாராமெடிக் உரிமமும் இருந்தால் பல இடங்களில் முன்னுரிமை உண்டு, வேலை போனாலும் ஆம்புலன்ஸ் பணிக்குப் போகலாம். படிப்பை முடித்துவிட்டு அதில் சேரட்டும். ஒரே ஊரைப் பிடித்துக்கொண்டு காத்திராமல் கவுண்டி, தனி மாவட்டம், மாநில அரசின் தீயணைப்புத் துறையான கால்ஃபயர் எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் போடட்டும்.