சதவீதம் அச்சிடாத பிளீச்சிங் பவுடரை வாங்கலாமா?

கேள்வி: எங்கள் குடியிருப்பின் 50,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்குப் பிளீச்சிங் பவுடர் வாங்க வேண்டும். ஒரு மூட்டையில் 33 சதவீதம் குளோரின் என்று அச்சிட்டிருக்கிறார்கள். விலை குறைந்த இன்னொன்றில் சதவீதமே இல்லை. எதை வாங்கலாம், எத்தனை கிராம் போடலாம்?

பதில்: நீங்கள் பணம் கொடுப்பது பவுடரின் எடைக்கு அல்ல, அதில் உள்ள குளோரினுக்கு என்பதால், சதவீதம் குறிப்பிடாத மூட்டையைக் குடிநீருக்கு வாங்கவே வேண்டாம். 33 என்று அச்சிட்டிருப்பதும் தயாரான நாளின் கணக்குதான். வெப்பமும் ஈரக்காற்றும் பட்டால் வீரியம் குறைந்துகொண்டே போகும். எனவே தயாரிப்புத் தேதியைப் பார்த்துச் சிறுகச் சிறுக வாங்கி, கணக்குக்கு 25 சதவீதம் என வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை கிராம் என்பதை உங்கள் நீர்தான் சொல்ல வேண்டும். பவுடர் 40 கிராமை நீரில் கலக்கி ஒரு லிட்டராக்கித் தெளியவிட்டால், மேலே நிற்பது ஏறத்தாழ 1 சதவீதக் கரைசல். மூன்று பிளாஸ்டிக் வாளிகளில் தலா 20 லிட்டர் தொட்டி நீரைப் பிடித்து, அவற்றில் 2, 4, 6 மில்லி கரைசலை விட்டால், லிட்டருக்கு முறையே 1, 2, 3 மில்லிகிராம் குளோரின் சேரும். (உலோக வாளி குளோரினைத் தின்றுவிடும்.) 30 நிமிடம் கழித்து, நீரில் எஞ்சிய குளோரினைக் காட்டும் சோதனைப் பெட்டியால் பார்க்கும்போது, எதில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் எஞ்சியிருக்கிறதோ அதுவே உங்களுக்குரிய அளவு. பெட்டி வாங்கும்போது அதிலுள்ள மருந்தின் காலாவதித் தேதியையும் பாருங்கள். நீர் கலங்கலாக இருந்தால் முதலில் தெளிய வையுங்கள். கலங்கல் நீருக்கு இந்தக் கணக்கு நிற்காது.

இரண்டாவது வாளியில் அந்த அளவு கிடைத்ததாகக் கொண்டால், நிறைந்த தொட்டிக்கு 100 கிராம் குளோரின், அதாவது 25 சதவீதப் பவுடரில் 400 கிராம் தேவை. அதே 400 கிராமை 15 சதவீதமாகத் தேய்ந்துபோன பழைய மூட்டையிலிருந்து எடுத்தால், லிட்டருக்கு 1.2 மில்லிகிராம்தான் சேரும், நீரோ 1.5 மில்லிகிராமைத் (வாளியில் சேர்த்த 2-இல் எஞ்சிய 0.5 போக மீதி) தானே இழுத்துக்கொள்ளும் என்பதால், குழாயில் எதுவும் மிஞ்சாது. மலிவு மூட்டை உங்களை ஏமாற்றும் இடம் இதுதான்.

தொட்டி பாதிதான் நிறைந்திருந்தால் பவுடரும் பாதி போதும். பவுடரை அப்படியே கொட்டாமல், கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத் திறந்துவிடுங்கள். கடைசி வீட்டுக் குழாயிலும் 0.2 மில்லிகிராமாவது காட்ட வேண்டும். காட்டாவிட்டால், அளவைக் கூட்டுவதற்கு முன் வழியில் குழாய்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.