4,999 ரூபாய்க்குத் தலைமைப் பண்பு கிடைக்குமா?

கேள்வி: நாமக்கல் மாவட்டத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) மூன்றாம் ஆண்டு மாணவி நான். கேம்பஸ் இன்டர்வியூவுக்குள் ஏதாவது லீடர்ஷிப் காட்டி 'பர்சனல் பிராண்ட்' உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். சீனியர் ஒருவர் மூலமாக 'இளம் தலைவர் விருது' பற்றித் தெரியவந்தது. 4,999 ரூபாய் கட்டினால் சென்னையில் விழா, மெடல், சான்றிதழ், லிங்க்ட்இன் பதிவு எல்லாம் உண்டாம். 500 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கட்டலாமா? எனக்கு மேடையில் பேச வராது. ஆங்கிலமும் தயக்கம்தான்.

பதில்: கட்டாதீர்கள். 500 ரூபாயைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள், வந்தால் சரி. வராவிட்டால் போகட்டும் என்று விடுங்கள். அதை மீட்கப் போய் மீதி 4,499-ஐயும் இழந்தவர்கள் நிறைய. 'பதிவு செய்துவிட்டீர்கள், முழுத்தொகை கட்டியே ஆக வேண்டும்' என்று மிரட்டினால் அந்தச் செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஒரு ஹோட்டல் ஹால், ஒரு பின்னணி பேனர், சால்வை போட ஒரு பெரிய மனிதர், இவ்வளவுதான் முதலீடு. ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு 'கோ-ஆர்டினேட்டர்' இருப்பார். ஆள் சேர்த்தால் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். உங்கள் சீனியருக்கும் உண்டா என்று நேராகவே கேளுங்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பெரிய இடத்தில் நடக்கிறது என்பதும் ஒரு உத்தரவாதம் இல்லை. 2023 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழக வளாக அரங்கத்திலேயே, பல்கலைக்கழகத்துக்குச் சம்பந்தமில்லாத ஓர் அமைப்பு பிரபலங்களுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. பிறகு பல்கலைக்கழகமே போலீஸில் புகார் கொடுக்க வேண்டியதாயிற்று. காசுக்கு இன்டர்ன்ஷிப் சான்றிதழ், காசுக்கு உலக சாதனைப் புத்தகத்தில் பெயர், இருபது பேர் பணம் போட்டு 'இணை ஆசிரியர்' ஆகும் புத்தகம் எல்லாம் இதே ரகம். 'கேம்பஸ் அம்பாசடர்' என்பது பெரும்பாலும் சம்பளமில்லாத விற்பனையாளர் வேலை.

அப்படியானால் பணம் கட்டுவதெல்லாம் மோசடியா என்று கேட்பீர்கள். இல்லை. ஐ.ஐ.டி.கள் சேர்ந்து இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பாடத்தில் சேர்வது இலவசம். சான்றிதழ் தேர்வு எழுதத்தான் கட்டணம். அந்தக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, வாராவாரம் அசைன்மென்ட் செய்து, தேர்வு மையத்துக்கு நேரில் போய் உட்கார்ந்து எழுதி, அதன் பிறகும் ஃபெயில் ஆகலாம். அங்கே நீங்கள் பணம் கொடுப்பது தேர்வுக்கு, முடிவுக்கு அல்ல. தொழில்முறைச் சங்கங்களின் மாணவர் உறுப்பினர் கட்டணமும் அப்படித்தான். கட்டினால் உறுப்பினர் ஆவீர்கள், தலைவராக ஆக மாட்டீர்கள். ஆகவே ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: பணம் கட்டிய பிறகும் நான் தோற்க வாய்ப்பு இருக்கிறதா? இருந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் அது விருது இல்லை, ரசீது.

உங்கள் தலைமைக்கும் இதே கேள்விதான். இன்டர்வியூவில் 'சிம்போசியம் கோ-ஆர்டினேட்டர்', அதாவது வெளிக் கல்லூரி மாணவர்களும் வரும் துறை விழாவின் ஒருங்கிணைப்பாளர், என்று வகுப்பே எழுதிக்கொண்டு வரும். எதிரே உட்கார்ந்திருக்கும் எங்களைப் போன்றவர்கள் அந்த வரியைப் படிப்பதே இல்லை. 'சாப்பாட்டு டோக்கன் எத்தனை அடித்தீர்கள்? குறைந்தபோது என்ன செய்தீர்கள்?' என்று கேட்போம். வேலை செய்தவர், 'முந்நூறு அடித்தோம் சார், வெளிக் கல்லூரியிலிருந்து கூடுதலாக ஆள் வந்துவிட்டார்கள், மெஸ் அண்ணனிடம் கெஞ்சி எலுமிச்சை சாதம் போட்டோம்' என்பார். சும்மா பெயர் போட்டுக்கொண்டவர் 'டீம் ஒர்க் சார்' என்பார். மெஸ் அண்ணன் கதைக்கு ஆங்கிலம் எவ்வளவு வேண்டும், சொல்லுங்கள்.

நீங்கள் இ.சி.இ. மாணவி என்பதால் சொல்கிறேன். உங்கள் எலெக்ட்ரானிக்ஸ் லேபில் மின் அலைகளைத் திரையில் காட்டும் சிஆர்ஓ கருவிக்கு எந்த புரோப் (இணைப்பு வயர்) வேலை செய்கிறது என்று தேடுவதிலேயே முதல் அரைமணி நேரம் போகிறதா இல்லையா? பிசி107 டிரான்சிஸ்டர் டப்பாவில் பாதி செத்ததாக இருக்கும், யாரும் எடுத்துப் போட மாட்டார்கள். லேப் அசிஸ்டென்டிடம் பேசி, இரண்டு தோழிகளைச் சேர்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் சோதித்து ஒரு நோட்டில் எழுதுங்கள். கெட்டவற்றுக்குச் சிவப்பு டேப் ஒட்டுங்கள். பிறகு சனிக்கிழமைகளில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே ஒரு மணி நேரம் சர்க்யூட் போடச் சொல்லிக்கொடுங்கள். முதல் வாரம் நாலு பேர்தான் வருவார்கள், அடுத்த வாரம் ஒருவரும் வராமல் போகலாம். அவர்களை எப்படித் திரும்ப வரவழைத்தீர்கள் என்பதுதான் இன்டர்வியூவில் சொல்ல வேண்டிய கதை. லிங்க்ட்இனில் போடுவதானால் அந்த நோட்டுப் பக்கத்தின் படமும், கூட வேலை செய்தவர்கள் பெயரும், நாலு வரியும் போதும். சால்வையோடு நிற்கும் படம் வேண்டாம்.

இன்னொன்று. மத்திய அரசு மாணவர்களுக்கு நடத்தும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் போட்டியில் அணிக்கு ஆறு பேர், அதில் ஒரு பெண்ணாவது இருந்தாக வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான், அதை நம் பையன்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? 'பேர் மட்டும் கொடும்மா' என்று கடைசி நாளில் வந்து நிற்பார்கள். கொடுக்காதீர்கள். முதல் நாளே போய் டீம் லீடராகச் சேருங்கள்.

கல்லூரிகளைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாணவர் தேர்தல் நடத்த வேண்டும் என்று, அதற்காகவே மத்திய அரசு அமைத்த லிங்டோ குழு பரிந்துரைத்து, உச்ச நீதிமன்றம் 2006-இல் உத்தரவே போட்டது. ஒரு வேட்பாளர் செலவு செய்யலாம் என்று அந்தக் குழு வைத்த உச்சவரம்பு 5,000 ரூபாய், உங்கள் விருதின் விலையைவிட ஒரே ஒரு ரூபாய் அதிகம். நம் தனியார் பொறியியல் கல்லூரிகளில் எத்தனை நடத்துகின்றன? துறைத் தலைவரான எச்.ஓ.டி. மார்க் பார்த்து ஒருவரைக் கிளாஸ் ரெப் ஆக்குவார். அவர் அட்டெண்டன்ஸ் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கு நடப்பார். நாலு வருடம் வாய் திறக்காமல் உட்கார வைத்துவிட்டு, ஐந்தாவது மாடியில் இன்டர்வியூ நடக்கும்போது 'லீடர்ஷிப் எங்கே' என்று தேடுவார்கள். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் மதிப்பீடு நடக்கும் வருடத்தில் விருதுச் சான்றிதழ்களின் நகலை ஃபைலில் சேர்க்க ஓடி ஓடி வாங்குவதும் இதே நிர்வாகம்தான். அது காசுக்கு வாங்கியதா என்று யாரும் கேட்பதில்லை.

லேப் வேலையை வாய்மொழி அனுமதியோடு தொடங்காதீர்கள். ஏதாவது உடைந்தால் பழி உங்கள் மேல் விழும். எந்த லேப், எந்த நாள், எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை, யார் யார் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி எச்.ஓ.டி.யிடம் கையெழுத்து வாங்குங்கள். இன்டர்னல் டெஸ்ட் தொடங்கிவிட்டால் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள், இந்த வாரமே கேளுங்கள்.